புதையலும் குப்பையும்: அரிக்கமேட்டுத் தோப்பில் கிடைத்த உடைசல்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரைத் தோப்புகளுக்கிடையே அமைந்த அரிக்கமேடு, தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணிப்புக்கு அடித்தளமிட்ட இடமாகும். அம்மண்ணில் புதைந்து கிடந்தவற்றை 18ஆம் நூற்றாண்டு முதல் பலரும் பலவாறு கையாண்டுள்ளனர். செங்கல்லுக்காகச் சிலர் தோண்டினர். மணிகளுக்காகச் சிலர் பொறுக்கினர். மண்ணடுக்குகளை அறியச் சிலர் அகழ்ந்தனர். இக்கட்டுரை அக்கையாளுதல்களை வரிசைப்படுத்தி ஆராய்கிறது. விலையுள்ளவை எனத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்ட பொருள்களைவிட, எவரும் விரும்பாத உடைந்த மட்கல ஓடுகளே வரலாற்றுக்குக் காலத்தையும் தொடர்பையும் வழங்கின என்பது இதன் கருதுகோள். புதையலுக்கு விரிவான நடைமுறை வகுத்த சட்டமரபு உடைசலுக்கு அத்தகைய நடைமுறையை வகுக்காமையும் அதன் விளைவுகளும் இறுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: அரிக்கமேடு, மட்கல ஓடு, மண்ணடுக்கு, புதையல் சட்டம், ரௌலட்டட் மட்கலம், கீழடி

முன்னுரை

தென்னங்கன்று நடக் குழி வெட்டும்போதும் கிணறு தூர்வாரும்போதும் வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போதும் தமிழகத்தின் பல ஊர்களில் பானையோடுகள் வெளிவருகின்றன. பெரும்பாலும் அவை வரப்போரம் ஒதுக்கப்படும். அல்லது பள்ளம் மூட மண்ணோடு மண்ணாகக் கொட்டப்படும். அதே குழியில் பொற்காசு ஒன்று கிடைத்தால் நிலைமை வேறாகிவிடும். ஊர் கூடும், வருவாய்த்துறைக்குச் செய்தி போகும், காசு அரசுக் கருவூலத்தைச் சேரும். ஒரே மண்ணிலிருந்து வெளிப்பட்ட இரு பொருள்களுக்கு இருவேறு விதிகள் வாய்க்கின்றன.

இவ்வேறுபாடு இயல்பானதாகத் தோன்றினும், வரலாற்று ஆய்வின் நோக்கில் அது தலைகீழானது. புதையல் என்பது ஒருவர் விரும்பிக் காத்து மறைத்துவைத்த பொருள். குப்பை என்பது வேண்டாம் என எறியப்பட்ட பொருள். முன்னது செல்வரின் தேர்வைக் காட்டும். பின்னது அன்றாட வாழ்வை அதன் போக்கில் காட்டும். எறிந்தவருக்கு எதையும் காட்டவோ மறைக்கவோ நோக்கம் இல்லாமையால் அச்சான்று நம்பகமானதாகிறது. இவ்வுண்மை தென்னிந்திய வரலாற்றில் தெளிவாக நிறுவப்பட்ட களம் அரிக்கமேடு.

குப்பை என்னும் சொல்

பழந்தமிழில் ‘குப்பை’ என்பதன் முதன்மைப் பொருள் குவியல். சங்க இலக்கியத்தில் உமணர் விற்கும் உப்பின் குவியலும் இச்சொல்லால் குறிக்கப்படுகிறது. அதே காலத்தில் கழிவு கொட்டும் மேட்டுக்கும் இச்சொல் வழங்கியதைக் குறுந்தொகைப் புலவர் ஒருவரின் பெயர் காட்டுகிறது. குப்பைமேட்டில் போரிடும் கோழிகளை உவமையாக ஆண்டமையால் அவர் குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்றார். குவிக்கப்பட்டது என்ற பொருளும் கழிக்கப்பட்டது என்ற பொருளும் ஒரு சொல்லுக்குள் இணைந்திருந்தன.

உழவர் வழக்கில் இச்சொல்லுக்கு மூன்றாவது பொருளும் உண்டு. மட்கிய சாணமும் சாம்பலும் கலந்த எருவை வயலுக்குக் கொண்டுசெல்வதைக் குப்பை அடித்தல் என்பர். வீட்டைப் பெருக்கிய குப்பையும் எருக்குழிக்குச் செல்வதால், உடைந்த சட்டியின் ஓடுகளும் எருவோடு வயலை அடைகின்றன. இது தொல்லியலாளர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி. உழுத நிலத்தில் ஓடுகள் பரவிக் கிடப்பதாலேயே அங்கு ஊர் இருந்தது எனக் கொள்ள இயலாது. அவை அருகிலிருந்த ஊரிலிருந்து எருவுடன் வந்தனவாகவும் இருக்கலாம். ஓடு எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பது தெரிந்தால்தான் அது சான்றாகும். அரிக்கமேட்டின் வரலாறு இந்நெறியை மும்முறை மெய்ப்பிக்கிறது.

செங்கல் தோண்டியவர்கள்

அரிக்கமேடு, அரியாங்குப்பம் கொம்யூனில் காக்காயன்தோப்பை ஒட்டி, புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவில் உள்ளது. அருகிலுள்ள கடற்கரை ஊர் வீராம்பட்டினம். மாமரமும் தென்னையும் வளர்ந்த இம்மேட்டின் ஒரு பக்கத்தை ஆறு அரித்துக்கொண்டே வந்தது. ஆற்றுநீர் கரையை அறுக்குந்தோறும் பழைய சுவர்களும் ஓடுகளும் வெளித்தெரிந்தன.

இவ்விடத்தைப் பற்றிய பழைய குறிப்பு 1734ஆம் ஆண்டைச் சார்ந்தது. வீராம்பட்டினத்து மக்கள் பழைய செங்கற்களைத் தோண்டி எடுத்துச் செல்வதைப் பிரெஞ்சு நிருவாகக் குறிப்பொன்று தெரிவிக்கிறது. 1769ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் நிகழ்வைக் காணப் புதுச்சேரிக்கு வந்திருந்த வானியலாளர் லெ ஜான்டியும் இவ்விடிபாடுகளைப் பற்றி எழுதியுள்ளார். அன்றைய தினம் மேகம் மறைத்ததால் வானில் அவர் தேடி வந்த காட்சி கிட்டவில்லை; ஆற்றங்கரையில் கண்ட காட்சி அவர் நூலில் இடம்பெற்றது. எனினும் அக்குறிப்பைத் தொடர்ந்து ஆய்வு எதுவும் நிகழவில்லை. அதே நூற்றாண்டில் கிறித்தவக் குருமடம் ஒன்று இங்கு இயங்கியது. அதன் சிதைந்த சுவர்கள் இன்றும் மேட்டில் நிற்கின்றன.

செங்கல் தோண்டிய ஊர் மக்களைக் குறைகூறுவது எளிது. ஆனால் அவர்கள் செய்தது உலகெங்கும் வழங்கிய நடைமுறையே. நன்கு சுட்ட பெரிய செங்கல், ஆளற்ற மேட்டில், விலையின்றிக் கிடைத்தது. அவர்களைப் பொறுத்தவரை செங்கல் பயன்படும் பொருள்; ஓடு பயனற்றது. ஆகவே செங்கல் வெளியேறியது. ஓடு அங்கேயே தங்கியது. பிற்கால அகழாய்வாளருக்குச் சுவர்களின் பெரும்பகுதி கிடைக்காமற் போனதற்கும் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்ததற்கும் காரணம் இதுவே. பயன் கருதி நிகழ்ந்த இத்தேர்வு, கட்டடத்தை அழித்துக் குப்பையைக் காத்தது.

மணி பொறுக்கியவர்கள்

இரண்டாம் கட்டம் 1930களில் தொடங்கியது. புதுச்சேரியில் பேராசிரியராக விளங்கிய ழுவோ துப்ரேய், பல்லவர் கலை பற்றிய ஆய்வுகளால் அறியப்பட்டவர். அரிக்கமேட்டில் மழைக்குப் பின் தரையில் தெரியும் வண்ண மணிகளை ஊர்ச் சிறுவர் பொறுக்குவது வழக்கம். துப்ரேய் அத்தகைய மணிகளையும் உருவம் செதுக்கிய மணிக்கற்களையும் திரட்டினார். அவற்றுள் ஒரு கல்லில் காணப்பட்ட தலையுருவம் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் உருவமாகக் கருதப்பட்டது. இக்கண்டுபிடிப்பே இவ்விடத்தை அறிஞர்தம் கவனத்திற்குக் கொணர்ந்தது. 1940களின் தொடக்கத்தில் ஃபோஷே, சுர்லோ ஆகியோர் சில குழிகளைத் தோண்டினர். சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சார்ந்த ஏ. ஐயப்பனும் இவ்விடத்தை ஆராய்ந்து எழுதினார்.

துப்ரேயின் பணி மதிக்கத்தக்கது. அவர் இல்லையெனில் அரிக்கமேடு இன்னும் சில பத்தாண்டுகள் செங்கற்சுரங்கமாகவே நீடித்திருக்கும். ஆயினும் அவர் திரட்டிய பொருள்களுக்கு ஓர் அடிப்படைக் குறை இருந்தது. தரையில் பொறுக்கிய மணிக்கல், எந்த மண்ணடுக்கைச் சார்ந்தது என்பதைக் கூற இயலாது. அகஸ்டஸின் உருவமே ஆயினும், அக்கல் செதுக்கப்பட்ட காலத்தை அது சுட்டலாமேயன்றி அரிக்கமேட்டை அடைந்த காலத்தைச் சுட்டாது. அழகிய மணிக்கல் பல தலைமுறை கைமாறும். மோதிரத்திலிருந்து மோதிரத்திற்கு மாறும்.

பொன், வெள்ளிக் காசுகளின் நிலையும் இதுவே. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டுக் காணப்பட்டது. ரோமானியப் பொன் தமிழகத்தில் புழங்கிய அளவை அறிய அப்புதையல் உதவுகிறது. ஆனால் காசு நெடுங்காலம் புழங்கும், சேர்த்துவைக்கப்படும், மதிப்புக் குறையாமல் காக்கப்படும். புதைத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கக்கூடும். விலையுள்ள பொருளின் வாழ்நாள் நீளமாதலால் காலத்தைக் கணிக்க அது நெகிழ்வான அளவுகோலாகிறது.

உடைந்த தட்டின் காலக்கணக்கு

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், அவ்வாண்டிலேயே சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டார். அங்கு அலமாரி ஒன்றில் கிடந்த ஓர் உடைசல் அவர் கவனத்தை ஈர்த்தது. அது ஆம்போரா எனப்படும் மத்தியதரைக்கடற் பகுதிச் சாடியின் கழுத்தும் கைப்பிடியும் கொண்ட துண்டு. அரிக்கமேட்டிலிருந்து வந்தது என அறிந்ததும் வீலர் புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்த நூலகத்தில் வைக்கப்பட்டிருந்த பொருள்களிடையே அரிட்டைன் எனும் இத்தாலியச் செம்மட்கலத்தின் உடைந்த துண்டுகளைக் கண்டார்.

இத்துண்டுகளின் மதிப்பை அறிய அவற்றின் தன்மையை அறிதல் வேண்டும். இத்தாலியின் அரெட்சோ நகரை மையமாகக் கொண்ட கலத்தொழிற்கூடங்களில் இவை செய்யப்பட்டன. கலத்தின் உட்புற அடியில் தொழிற்கூடத்தாரின் பெயர் முத்திரையாகப் பதிக்கப்படும். அரிக்கமேட்டில் விபி, இட்டா, கமுரி எனத் தொடங்கும் முத்திரைகள் கிடைத்தன. இக்கூடங்கள் இயங்கிய காலத்தை ஐரோப்பியத் தொல்லியல் முன்னரே வரையறுத்திருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இக்கலத்தொழில் தளர்ந்தது. உண்கலமாதலின் இது எளிதில் உடையும்; உடைந்தபின் ஒருவரும் காத்துவைப்பதில்லை. செய்த காலத்திற்கும் எறிந்த காலத்திற்கும் இடையிலான தொலைவு குறுகியது. பேரரசரின் உருவம் பொறித்த மணிக்கல்லால் இயலாத ஒன்றை, உணவுக்குப் பின் உடைந்து எறியப்பட்ட தட்டு இயலச் செய்தது.

1945இல் வீலர், ஏ. கோஷ், கிருஷ்ண தேவா ஆகியோருடன் அரிக்கமேட்டை அகழ்ந்தார். அறிக்கை 1946இல் ‘ஏன்சியன்ட் இந்தியா’ இதழின் 2ஆம் எண்ணில் வெளியானது. அகழ்ந்த முறைதான் இதில் முதன்மையானது. ஒவ்வொரு மண்ணடுக்கும் எண்ணிடப்பட்டது. ஒவ்வோர் ஓடும் தான் கிடந்த அடுக்கின் எண்ணோடு பதிவு செய்யப்பட்டது. அரிட்டைன் ஓடுகள் கிடந்த அடுக்கில் உள்ளூர்க் கலங்களும், உட்புறத்தில் புள்ளி வரிசையாக வட்டங்கள் பதித்த ரௌலட்டட் மட்கலங்களும் கிடந்தன. அரிட்டைனின் காலம் தெரிந்ததால் அவற்றோடு கிடந்த கலங்களின் காலமும் தெரியலாயிற்று. ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறிப்புகளும் இருந்தன.

இதன் பயன் அரிக்கமேட்டோடு நிற்கவில்லை. 1947இல் வீலர் இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்திலுள்ள பிரம்மகிரியையும் சந்திரவள்ளியையும் அகழ்ந்தார். கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள அவ்விடங்களில் இத்தாலியக் கலம் இல்லை. ஆனால் ரௌலட்டட் ஓடுகள் இருந்தன. அரிக்கமேட்டில் பெற்ற காலத்தை அங்கு பொருத்தியபோது, அவ்வோடுகளுக்குக் கீழடுக்கிலிருந்த பெருங்கற்காலப் பண்பாட்டுக்கும் அதற்கும் கீழிருந்த கற்கோடரிப் பண்பாட்டுக்கும் ஒரு கால வரிசை கிடைத்தது. அதுவரை காலம் தெரியாமல் மிதந்த தென்னிந்தியத் தொல்பழங்காலம் நாட்காட்டியில் ஓரிடம் பெற்றது. கரிமக் காலக்கணிப்பு முறை உருவாகாத காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

பாதுகாத்த ஓடுகளின் மறுவாசிப்பு

வீலர் அரிக்கமேட்டை ‘இந்திய-ரோமானிய வாணிக நிலையம்’ எனப் பெயரிட்டார். ரோமானிய வணிகத்தின் வருகையே சிறிய ஊரைத் துறைமுகமாக்கியது என்ற கருத்து அப்பெயரில் உறைந்திருந்தது. இத்தாலிய ஓடுகள் இவ்விடத்தின் காலத்தைத் தந்ததோடு, இவ்விடத்தின் வரலாற்றையே இத்தாலியின் நிழலில் நிறுத்திவிட்டன. இக்கருத்தைத் திருத்தியதும் ஓடுகளே.

1947 முதல் 1950 வரை இங்கு அகழ்ந்த ழான்-மரி கசால், ரோமானியப் பொருள்கள் வருவதற்கு முற்பட்ட குடியிருப்பின் அடுக்குகளை வெளிப்படுத்தினார். 1983இல் விமலா பெக்லி வெளியிட்ட மறுஆய்வுக் கட்டுரை, வீலர் பதிவுசெய்த அடுக்குகளையும் கலங்களையும் மீண்டும் ஆராய்ந்து, ரௌலட்டட் மட்கலம் அரிட்டைனுக்கு முன்னரே வழக்கிலிருந்ததை எடுத்துக்காட்டியது. தொடர்ந்து 1989 முதல் 1992 வரை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இணைந்து பெக்லியின் தலைமையில் அகழாய்வு நடத்தின. இத்துறைமுகம் ரோமானியத் தொடர்புக்கு முன்பே வாழ்ந்ததும், அத்தொடர்பு நலிந்த பின்னரும் இடைக்காலம் வரை மக்கள் நடமாட்டம் கொண்டிருந்ததும் புலனாயின. மணி செய்தல் இங்கு நெடுங்காலத் தொழிலாக இருந்தது.

ரௌலட்டட் கலத்தின் பிறப்பிடம் பற்றிய கருத்தும் மாறியது. அதன் அலங்கார உத்தி மத்தியதரைக்கடற் பகுதியிலிருந்து வந்தது என்பது வீலரின் எண்ணம். 1990களில் வி. டி. கோக்டே எக்ஸ்கதிர் முறையில் ஓடுகளின் களிமண்ணை ஆராய்ந்து, அது வங்காளத்தின் கங்கைக் கழிமுகப் பகுதியைச் சார்ந்தது எனக் கருதினார். பல நாடுகளில் கிடைத்த இவ்வகை ஓடுகள் ஒரே நிலவியல் மூலத்தைச் சார்ந்தவை எனப் பின்வந்த வேதியியல் ஆய்வும் காட்டியது. ரோமானியச் செல்வாக்கின் அடையாளமாகக் கருதப்பட்ட கலம், வங்கக் கடலோரத்து இந்திய வணிகத்தின் அடையாளமாயிற்று. இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள செம்பிரான் வரை இக்கலம் சென்றுள்ளது.

ஆம்போராக்களை ஆராய்ந்த எலிசபெத் வில், அவை மதுச் சாடிகள் மட்டுமல்ல என்று காட்டினார். கிரேக்கத் தீவான கோஸின் வகையைச் சார்ந்த மதுச் சாடிகளோடு, ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் கொண்டுவந்த சாடிகளும் இருந்தன. சங்க இலக்கியம் பேசும் யவனர் மதுவோடு, அந்நாட்டார் உண்ணும் எண்ணெயும் குழம்பும் கரை இறங்கியிருக்கின்றன. இலக்கியத்தில் இடம்பெறாத செய்தியைச் சாடியின் உடைந்த விளிம்பு கூறியது.

இம்மறுவாசிப்புகள் அனைத்துக்கும் ஒரு பொது நிபந்தனை உண்டு. ஓடுகள் தூக்கி எறியப்படாமல், கிடந்த இடக் குறிப்போடு பாதுகாக்கப்பட்டிருந்தன. 1945இல் எவரும் கேட்டிராத கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் அதே ஓட்டிடம் கேட்க முடிந்தது. ஆய்வாளரின் முடிவு பிழைபடலாம். அவர் காத்த சான்று பிழையைத் திருத்தும். சான்றை அழித்தவரின் முடிவைத் திருத்த வழியே இல்லை.

கடலின் மறுகரையில்

தமிழகத் தோப்பில் இத்தாலியக் குப்பை கிடந்ததுபோலவே, எகிப்தின் செங்கடல் துறைகளில் தமிழகக் குப்பை கிடந்தது. குசேர் அல்-கதீமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் எனும் பெயர்கள் தமிழ்-பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்து அகழாய்வில் அங்கு ‘பானை ஒறி’ எனும் பொறிப்புக் கொண்ட ஓடும் வெளிப்பட்டது. பானையை ஏற்றித் தொங்கவிடும் உறியை இது குறிப்பதாக ஐராவதம் மகாதேவன் விளக்கினார். பெரெனிகே துறையின் கோயிற் பகுதியில் இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது.

வேந்தரின் தூதோ வெற்றிக் கல்வெட்டோ இல்லாத அக்கரையில், தன் பானை பிறர் பானையோடு கலந்துவிடாதிருக்கப் பெயர் கீறிய ஒருவரின் எழுத்து எஞ்சியுள்ளது. கடலோடிய தமிழர் வாழ்வுக்கு இதனினும் நேரடியான சான்று அரிது. பானை உடைந்தபோது அவர் அதை எறிந்தார். எறிந்ததனாலேயே பெயர் நிலைத்தது.

சட்டத்தின் பார்வையில் புதையல்

பிரித்தானிய இந்தியாவில் 1878ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்துள்ள மதிப்புடைய எப்பொருளும் புதையல் என வரையறுத்தது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். உரிமையாளர் அற்ற புதையலில், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்காற்பங்கும் நிலத்திற்குரியவருக்குக் காற்பங்கும் உரியன. பொருளை எடைபோட்டுப் பங்கிடும் நோக்கில் இயற்றப்பட்ட சட்டம் இது. கிடைத்த இடத்தைக் கேட்ட சட்டம், ஆழத்தையோ உடன்கிடந்த பொருள்களையோ கேட்கவில்லை. சந்தையில் விலைபோகாத ஓடு அதன் வரையறைக்குள் வருவதில்லை.

விடுதலைக்குப் பின்வந்த சட்டங்கள் பார்வையை விரித்தன. 1958ஆம் ஆண்டு மையச் சட்டமும் 1966ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் அறிவிக்கப்பட்ட தொல்லிடங்களுக்குப் பாதுகாப்பளித்தன. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையும் வரலாற்றுச் சிறப்பும் உடைய பொருள்களைத் தொல்பொருள் என வரையறுத்தது. சொல்லளவில் பானையோடும் இதில் அடங்கும். ஆனால் நடைமுறையில், அறிவிக்கப்படாத ஒரு தனியார் தோட்டத்தில் கிடைக்கும் ஓட்டுக்குவியலை எவரும் எவரிடமும் அறிவிப்பதில்லை. சட்டங்கள் மாறிய பின்னும் 1878ஆம் ஆண்டின் மனநிலை நீடிக்கிறது. மதிப்பு என்றால் விலை என்று அது பொருள் கொள்கிறது.

தோப்பிலிருந்து தோப்புக்கு

இம்மனநிலை எதை இழக்கச் செய்யும் என்பதைக் கீழடி உணர்த்துகிறது. 1970களில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழம்பொருள்களை மாணவர்கள் தம் பள்ளி ஆசிரியரிடம் காட்டினர். அவர் அவற்றின் தொன்மையை உணர்ந்து உரியவர்களுக்குத் தெரிவித்தார். முறையான அகழாய்வு தொடங்கியதோ 2014–15இல்தான். பள்ளிச்சந்தைத் திடல் எனும் அம்மேடு ஏறத்தாழ 110 ஏக்கர் பரப்புடையது. அது தனியார் தென்னந்தோப்பாக நீடித்ததால் கட்டடங்கள் எழவில்லை. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் மண்ணடுக்குகள் பெரிதும் தப்பின. வீட்டுமனைகளாக விற்கப்பட்டிருப்பின், அடுக்குகள் கடைக்காலோடு கலைந்திருக்கும்.

தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, எழுத்துப் பொறித்த 56 ஓடுகளைக் குறிப்பிடுகிறது. குவிரன், ஆதன் முதலிய பெயர்கள் அவற்றில் உள்ளன. ஆய்வுக்கு அனுப்பப்பட்ட 70 எலும்பு மாதிரிகளில் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு மான், மயில் போன்றவற்றின் எச்சங்களும் கண்டறியப்பட்டன. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றன் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. ஓடும் எலும்பும் கரியும் ஒரு வீட்டின் புழக்கடையில் குப்பையாகக் கிடப்பவை. தமிழ் எழுத்தின் தொன்மை குறித்த இன்றைய விவாதம் முழுதும் இக்குப்பையின் மீதே நிற்கிறது. அவ்விவாதத்தில் எந்தத் தரப்பை ஏற்பினும், அதைத் தீர்க்க வல்லது 353 என்னும் எண் போன்ற பதிவுகளே. ஆழக் குறிப்பு இல்லாத கரித்துண்டுக்கு வயது கூறலாம். அது எந்த வாழ்க்கைக்குரியது எனக் கூற இயலாது.

ஆகவே தோட்டத்தில் பழைய உடைசல் வெளிப்படும்போது செய்யத்தக்கன அரியவையோ செலவுமிக்கவையோ அல்ல. தோண்டுவதை அங்கேயே நிறுத்துதல், பொருளைக் கழுவாமலும் பிரிக்காமலும் கிடந்தபடி படமெடுத்தல், தரைமட்டத்திலிருந்து ஆழத்தை அளந்து குறித்தல், வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தல் ஆகிய நான்கும் போதும். நிலத்திற்குரியவர் இதனால் நிலம் பறிபோகும் என அஞ்சுவது உண்மையான தடை. கீழடியில் உரியவரின் இசைவோடு தோப்புகளில் அகழ்ந்து, பதிவு முடிந்தபின் பல குழிகள் மூடி ஒப்படைக்கப்பட்டன என்னும் செய்தி ஊர்தோறும் சென்றால் அவ்வச்சம் குறையும். புதையலுக்குப் பங்கு வகுத்த சட்டம், ஓட்டை அறிவித்தவருக்கும் ஒரு சிறு மதிப்பூதியம் வகுப்பது பொருத்தமாகும்.

முடிவுரை

அரிக்கமேட்டு மண்ணைக் கையாண்டவர்களை மூவகையாகப் பகுக்கலாம். செங்கல் தோண்டியவர்கள் பயனைத் தேடினர், சுவர்கள் மறைந்தன. மணி பொறுக்கியவர்கள் அழகைத் தேடினர். பொருள் கிடைத்தது, அதன் காலம் கிடைக்கவில்லை. அடுக்கு அறிந்து அகழ்ந்தவர்கள் தொடர்பைத் தேடினர். உடைந்த தட்டு ஒன்று தென்னிந்தியா முழுமைக்கும் காலம் கூறியது. பின்வந்தோர் அத்தட்டின் சாட்சியத்தைக் கொண்டே முன்னோரின் முடிவைத் திருத்தி, ரோமானியர் நிலையம் எனப்பட்டதை இம்மண்ணின் மக்கள் வளர்த்த துறைமுகமாக நிலைநிறுத்தினர்.

வரலாற்றில் தம் பெயரைக் கல்லில் வெட்டுவிக்க வசதி பெற்றவர் சிலர். பானை வனைந்தவரும், சாடி சுமந்தவரும், மீன்முள்ளைக் கொல்லையில் எறிந்தவரும் பலர். அப்பலரின் வாழ்வுக்குரிய ஆவணக்காப்பகம் குப்பைமேடே. அரியாங்குப்பம் ஆறு அரிக்கமேட்டின் கரையை அறுத்தது. கட்டட எந்திரங்கள் பெயர் தெரியாத பல மேடுகளை அறுக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் ஓடு, வரப்போரம் எறியப்படும் முன் ஒருமுறை அளக்கப்படுமாயின், அம்மக்களின் வரலாற்றை எழுதும் வாய்ப்பு எஞ்சியிருக்கும்.